பளிங்குக்கு இட்ட பொட்டு

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை மாதத்தில், குடாநாட்டு விஞ்ஞான மேன்மை நிலையத்தின் ஊடுகதிர் நிறமாலைமானி திறந்துவைக்கப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் வருமாறு: நிலையத்தின் தலைவர் கலாநிதி அருளம்பலம், அவருடைய பாரியார் பூரணம், குருநகரைச் சேர்ந்த உப தலைவர் திரு. நீக்கிலாப்பிள்ளை, காரியதரிசி திரு. சண்முகநாதன், இயந்திரத்தை இயக்கும் செல்வி யசிந்தா, என் காலஞ்சென்ற தம்பியின் மகள் மீனாம்பிகை, உரும்பிராய்ப் பஞ்சலிங்கமாகிய நான், சால்வை போட்ட நிருவாகக் குழுவினர், நாதஸ்வரக்காரர், தவில்காரர். மின்சாரமும் இருந்தது. பத்திரிகையில் வந்த செய்தியில் தவில்காரரின் பெயர்கூட இருந்தது. நான் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் மற்றும் பலராக இருந்ததில்லை. ஆகவே நடந்ததை நானே எழுதவேண்டியிருக்கிறது.

நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. ஆனால் கலியாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளை ஆண்கள் நிறைந்த சபைக்குத் தனியே போவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. மீனாம்பிகையின் சைக்கிள் நிலையத்துக்குப் போன நாளெல்லாம் அதன் பின்னால் என் சைக்கிளும் போயிற்று.

அவளுக்கு அங்கே இருந்த அலுவல் ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தபோது அங்கிருந்த உலையில் அவள் ஒரு பளிங்கை வளர்த்திருந்தாள். இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து படிகமான கறுப்புப் பளிங்கு, பெருவிரல் நகமளவு. அதன் ஒரு முகத்தை மாதக்கணக்காகத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கி வைத்திருந்தாள். மறு முகம் ஒரு பித்தளைப் பிடியில் ஒட்டப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்குப் புலமைப்பரிசிலோடு ஆராய்ச்சி இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பளிங்கின் நிறமாலையை எடுத்து ஆனி முடியுமுன் அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. அனுப்பாவிட்டால் இடம் இல்லை. அதை எடுக்கக்கூடிய இயந்திரம் குடாநாடு முழுவதிலும் அந்த நிலையத்தில் மட்டுமே இருந்தது.

“இது காந்தமோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓம் பெரியப்பா.”

சட்டையில் இருந்த ஊசியை எடுத்துக் கிட்டப் பிடித்தேன். அது அசையவில்லை.

“ஊசியையே இழுக்குதில்லை. உதென்ன காந்தம்?”

“உள்ளுக்கை ஒவ்வொரு இரும்பு அணுவும் நல்ல காந்தம்தான். ஆனா ஒண்டு இந்தப் பக்கம் பாத்தா அடுத்தது எதிர்ப்பக்கம் பாக்கும். ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும். அதாலை வெளியிலை ஒண்டும் தெரியாது.”

அதுவரை நான் நிலையத்தின் நிருவாகக் குழுக் கூட்டம் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. ஆகவே அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

“வெளியிலை தெரியாததை என்னெண்டு காணுறது?”

“ஊடுகதிரை அதிலை விட்டா இரும்பு தன்ரை கதிரைத் திருப்பி அனுப்பும். அதைக் கடதாசியிலை கீறினா ஒரு பெரிய மேடு வரும். அதுக்குப் பக்கத்திலை ஒரு குட்டி மேடும் வரும். அந்தக் குட்டி மேடுதான் அணுவுக்குள்ளை எத்தினை இலத்திரன் ஒரு பக்கமாத் திரும்பி நிக்குதெண்டு சொல்லும். எனக்கு அந்தக் குட்டி மேடு வேணும்.”

நிலையத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். விஞ்ஞானத்தை வளர்ப்பது அதன் நோக்கம் என்று வாசற் பலகையில் எழுதியிருந்தது. தலைவரின் பட்டங்கள் கூடக் கூடப் பலகையைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மேலே பட்டங்கள் ஏற, விஞ்ஞானம் என்ற சொல் படிப்படியாகக் கீழே இறங்கி, நான் பார்த்தபோது குரோட்டன் செடிக்குப் பின்னால் இருந்தது. தலைவரின் கலாநிதிப் பட்டம் எந்தத் துறையில் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதையல்ல. நானும் கேட்கவில்லை.

நிறமாலைமானி வெளிநாட்டார் கொடுத்த அன்பளிப்பு. வந்த நாள் முதல் அது மரப்பெட்டிகளுக்குள் இருந்தது. திறந்துவைக்கத் தகுதியான பிரமுகர் யார் என்பதில் குழுவுக்குள் உடன்பாடு இல்லை. பெட்டிகள் உறுதியானவை என்பதால் கூட்டங்களில் அவற்றை மேடையாகப் பாவித்தார்கள். நிறமாலைமானியின் மேல் ஏறி நின்று விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசிய பெரியவர்கள் அநேகர். உள்ளே எட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

மீனாம்பிகையும் யசிந்தாவுமாக அந்தப் பெட்டிகளைத் திறந்து, பாகங்களைத் துடைத்துப் பொருத்தி, கறண்ட் இருந்த வேளைகளில் ஓட்டிப் பார்த்து, ஒருவாறு வேலை செய்ய வைத்தார்கள். செய்தி கேட்டுத் தலைவர் வந்தார். அவர் கோபிக்கவில்லை. துக்கப்பட்டார்.

“ஆர் பிள்ளை திறந்தது?”

“நாங்கள்தான் ஐயா. இப்ப நல்லா வேலை செய்யுது.”

“திறந்துவைக்காத மெசின் என்னெண்டு வேலை செய்யும்?”

“வேலை செய்யுதே ஐயா. பாருங்கோவன்.”

“நான் பாக்கேலாது. நான் பாத்தா, திறந்ததாப் போயிடும்” என்று தலைவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

குழு அவசரமாகக் கூடியது. முறைப்படி திறந்துவைக்கப்படும்வரை இயந்திரம் வேலை செய்யவில்லை எனக் கொள்ளப்படும் என்று தீர்மானித்தது. தச்சரை அழைத்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு பெட்டி அடித்து, ஆணி அறைந்து, சிவப்பு நாடா கட்டினார்கள். பெட்டிக்குள் சிக்கிய யசிந்தாவின் குடையை எடுப்பதற்குத் தனியாக விண்ணப்பிக்கும்படி காரியதரிசி சொன்னார்.

திறப்பு விழாவில் தலைவர் பேசிய பேச்சு இப்பொழுதும் எனக்கு நினைவிருக்கிறது.

“சபையோரே! மேலைத்தேயத்தவர் ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவர்கள். ஆனால் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குவது எப்படி என்பதை அவர்கள் எங்களிடமே கற்கவேண்டும். இந்த இயந்திரத்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை. என் கை படாதபடியால்தான் இது இன்றுவரை புதிதாக இருக்கிறது. நாளை என்னவாகும் என்று சொல்ல முடியாது. ஏனெனில் நாளை முதல் இதனைப் பாவிக்கப் போகிறார்கள். இது பொருள்களின் உள்ளே இருப்பதைக் காட்டும் இயந்திரம். ஆகையால் நிலையத்துக்குள் இதனை மிகுந்த அவதானத்தோடு பாவிக்கவேண்டும்!”

கைதட்டினோம். அந்நேரம் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தது. பின்வளவில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து ஓடினோம். ஆனால் அதன் வாயில் நின்றுவிட்டோம். தலைவர் இறங்காமல் மற்றவர்கள் இறங்க முடியாது. தலைவரோ உபசாரம் தெரிந்தவர்.

“உப தலைவர் முதலிலை இறங்கட்டும்.”

“சீச்சீ, நீங்கள் இருக்க நானோ?” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

“அப்ப காரியதரிசி?”

“ஐயோ, நான் கூட்டக்குறிப்பு எழுதிற ஆள். கடைசியாத்தான் இறங்கவேணும்” என்றார் சண்முகநாதன்.

ஹெலிகொப்டர் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. “ஆரெண்டாலும் ஒராள் இறங்குங்கோவன்! அவன் மேலையிருந்து பதவி பாத்துச் சுடமாட்டான்!” என்று நீக்கிலாப்பிள்ளை கத்தினார். தவில்காரர் மட்டும் இறங்கினார். ஹெலிகொப்டர் போனபின், சபை ஒழுங்கு தெரியாதவர் என்று அவரைக் கண்டித்துவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பினோம்.

பெட்டியின் ஆணிகளைக் கழற்றினார்கள். பூரணம் அம்மையார் தட்டோடு வந்தார். இயந்திரத்துக்குத் திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதில் குற்றமில்லை, எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்புக்கும் பொட்டு வைத்துத்தான் தொடங்கினோம். ஆனால் தலைவரின் பார்வை பளிங்கின் மேல் விழுந்தது.

“கல்லு வெறும் முகத்தோடை நிக்குது.”

“அதுக்கு வேண்டாம் ஐயா. அதுதான் அளக்கிற முகம்” என்றாள் மீனாம்பிகை பதறி.

“முகமெண்டு நீரே சொல்லுறீர். முகமெண்டால் பொட்டு வேணும்.”

அவள் கை நீட்டுமுன் தலைவரின் விரல் போய்விட்டது. கண்ணாடி போலத் தேய்த்த அந்த முகத்தில் திருநீறு. அதன் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். கல் சிறியது. தலைவரின் விரல் பெரியது. கறுப்பு என்று சொல்ல ஓரத்தில் ஒரு கோடுதான் மிஞ்சியது.

அப்படியே இயந்திரத்துக்குள் வைக்கச் சொன்னார். யசிந்தா மின் ஆளியைப் போட்டாள். பேனை கடதாசியில் கீறத் தொடங்கியது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பனை உயரத்தில் சில மேடுகள் வந்தன. மீனாம்பிகையின் முகம் மட்டும் வாடியது.

“இது திருநீற்றிலை இருக்கிற கல்சியம். இது குங்குமத்திலை கிடக்கிற ஈயம். இரும்பு அடியிலை அமுங்கிப் போச்சு. குட்டி மேட்டைக் காணேல்லை.”

“ஈயமோ?” என்றார் பூரணம் அம்மையார், நெற்றியைத் தொட்டபடி. “சந்தையிலை திறமான குங்குமமெண்டு சத்தியம் பண்ணியெல்லே தந்தவன்!”

“துடைச்சுப்போட்டுத் திரும்ப எடுப்பம்” என்று சொல்லி மீனாம்பிகை பஞ்சை எடுத்தாள்.

நாதஸ்வரம் நின்றது. எங்கள் பக்கத்தில் இட்ட பொட்டை அழிப்பது ஒரே இடத்தில்தான் நடக்கும், அது செத்தவீடு. புருஷன் போன பெண்ணின் நெற்றியில்தான் அது நடக்கும். மங்கள விளக்கு எரியும்போது, சபை நடுவில், ஒரு குமர்ப்பிள்ளை பொட்டை அழிப்பதென்றால்?

“மீனா! பஞ்சைக் கீழை வை!” என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

“பெரியப்பா, அது கல்லு. அதுக்குப் புருசன் இல்லை.”

“கல்லுக்கு இல்லை. உனக்கு இனித்தான் வரவேணும். பொட்டழிச்ச பெட்டையெண்டு நாளைக்கு ஊர் கதைக்கும். எங்கடை குடும்பத்துப் பொம்பிளை அப்பிடியொரு பேர் எடுக்கேலாது.”

“அப்ப என்ரை இடம்?”

நான் சைக்கிளை மிதித்தேன். குழு பெரியவர்களைக் கொண்டது. ஒரு வழி செய்யும் என்று நினைத்தேன்.

குழு ஒரு வழி அல்ல, பல வழிகளை ஆராய்ந்தது. பளிங்கைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தலைவர் மடியில் செருகிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு நானும் மீனாம்பிகையும் அழைக்கப்பட்டோம்.

“பொட்டை அழிக்காமல் அகற்றுவது எப்படி என்பதுதான் விடயம்” என்று காரியதரிசி வாசித்தார்.

“உப தலைவர் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர்தானே? அவர் துடைச்சா எங்களுக்குத் தோஷமில்லை” என்றார் தலைவர்.

நீக்கிலாப்பிள்ளை கதிரையைப் பின்னால் தள்ளினார். “என்ன காணும் சொல்லுறீர்? கோயில் பொட்டைக் குருநகரான் அழிச்சானெண்டு பின்னேரத்துக்கிடையிலை கதை கொடிகாமம் மட்டும் போகும். நாளைக்கும் நான் உந்தச் சனத்துக்குள்ளை சந்தைக்குப் போய் மீன் வாங்கவேணுமெல்லோ? வேணுமெண்டால் எங்கடை சுவாமியாரைக் கூட்டிவந்து அதுக்கு மேலை தீர்த்தம் தெளிக்கிறன். அழிக்கச் சொல்லாதையும்.”

“தெளித்தால் கரையுமா?” என்று காரியதரிசி ஆவலோடு கேட்டார்.

“கரைஞ்சா அதுவும் நான் அழிச்சதுதான். தெளிக்கவும் மாட்டன்.”

பொட்டு தானாகவே உதிரும்வரை காத்திருப்பது என்று முடிவாகியது. உதிர்வைக் கவனிக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். உதிர்வு இயற்கையாக நடக்கவேண்டும் என்பதற்காக மண்டபத்தில் மின்விசிறி நிறுத்தப்பட்டது. அலுமாரிக்குக் கிட்ட யாரும் தும்மக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். தடிமனும் தும்மலும் பிடித்த ஓர் அங்கத்தவர் தம் பதவியை இராஜினாமாச் செய்தார்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்தது. நிலையத்தில் வெள்ளிதோறும் விளக்கேற்றிப் படங்களுக்குப் பொட்டு வைப்பது வழக்கம். இப்பொழுது பளிங்கும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. பழைய பொட்டின் மேல் புதிய பொட்டு. அடுத்த வெள்ளி இன்னொன்று. உதிர்வு உபகுழு ஒவ்வொரு திங்களும் கூடிப் பார்த்து, பொட்டு உதிரவில்லை என்றும் வளர்ந்திருக்கிறது என்றும் அறிக்கை கொடுத்தது.

வளர்ந்த பொட்டைத் தலைவர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார். திறப்பு விழா அன்று வந்த கடதாசியைச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டியிருந்தார். ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு எலுமிச்சம்பழத் தண்ணீர் தந்தார்.

“பிள்ளை, உலகத்திலை எங்கையாவது இரும்பும் கல்சியமும் ஈயமும் இப்பிடிச் சேர்ந்த பளிங்கு இருக்கோ?”

“இல்லை ஐயா. இதுவும் அப்பிடியில்லை. இது கல்லு, அது பொட்டு.”

“எங்கையும் இல்லாததெண்டால் அதுக்குப் பேர் கண்டுபிடிப்பு. நான் பேரும் யோசிச்சிட்டன். அருளம்பலைற்று.”

மீனாம்பிகை என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சம்பழத் தண்ணீரைப் பார்த்தேன்.

“அருளம்பலைற்றின் காந்தத் தன்மை பற்றி ஒரு கட்டுரை. ஆசிரியர் நான். உம்முடைய பேரும் கீழை வரும். நீர் ஒப்பம் வைச்சால் போதும். இங்கிலாந்துக்கும் அதைத்தான் அனுப்பவேணும். நிலையத்தின்ரை முத்திரையோடை நானே அனுப்புவன்.”

“அது பொய் ஐயா.”

“சபை ஏற்றுக்கொண்டால் அது பொய்யில்லை” என்றார் தலைவர். அதை அவர் மனமாரச் சொன்னார்.

சபை ஏற்பதற்குமுன் இன்னொரு முறை அளந்து பார்க்கவேண்டும் என்று நீக்கிலாப்பிள்ளை அடம்பிடித்தார். அளந்தார்கள். ஈயத்தின் மேடு பாதியாகக் குறைந்திருந்தது. மண்டபம் கலங்கியது. விசாரித்ததில், பூரணம் அம்மையார் திறப்பு விழா அன்றே சந்தைக் குங்குமத்தை வீசிவிட்டு வேறு கடையில் நல்ல குங்குமம் வாங்கி வைத்துவந்தது தெரிந்தது. மேலே நல்ல குங்குமம் ஏற ஏற, ஈயம் அடியில் மறைந்துகொண்டு வந்தது.

“ஆரைக் கேட்டு மாத்தினீர்?” என்றார் தலைவர்.

“ஈயமெண்டு அந்தப் பிள்ளை சொன்னவளெல்லே? நான் என்ரை நெத்திக்கு வைக்கிறதையே மாத்திப்போட்டன். கல்லுக்கு மட்டும் பழசையோ வைக்கிறது?”

“உமக்கு எதையும் வையும். கல்லுக்குப் பழைய கடைக் குங்குமம்தான். கண்டுபிடிப்பு மெலிஞ்சு போகுது!”

பழைய குங்குமம் வாங்குவதற்கு ஒரு கொள்வனவு உபகுழு அமைக்கப்பட்டது. குங்குமம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை தாராளமாக வைத்தார்கள். கண்டுபிடிப்பு பழைய உடம்புக்கு வந்தது.

ஆனி முடிய இருந்தது. இறுதிக் கூட்டத்துக்கு நான் பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு போனேன். மேசையில் கட்டுரை விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பேனை. அதற்குப் பக்கத்தில், வருவோரை வரவேற்கும் பன்னீர்ச் செம்பு. அலுமாரியிலிருந்து எடுத்த பளிங்கை, அன்றைய நாயகன் என்பதால், ஒரு வெள்ளித் தட்டில் நடுவே வைத்திருந்தார்கள். பொட்டு ஒரு சின்ன வடையளவுக்கு வந்திருந்தது.

தலைவர் எழுந்தார். “சபையோரே! விஞ்ஞானத்தில் உண்மைதான் முக்கியம். அதனால்தான் அதனை ஒருவரின் கையில் விடாமல் குழுவின் கையில் கொடுத்திருக்கிறோம். செல்வி மீனாம்பிகை இப்பொழுது ஒப்பமிடுவார். மறுத்தால், அவர் கொண்டுவந்த கல் பழுதானது என்றும், அவர் வந்த குடும்பம் நிலையத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் குறிப்பில் எழுத நேரிடும். அப்படி எழுதுவது எனக்கு மிகவும் வேதனை. ஆகவே அதைக் காரியதரிசி எழுதுவார்.”

“எழுதியாச்சு ஐயா” என்றார் சண்முகநாதன்.

மீனாம்பிகை அழவில்லை. ஒருவரையும் பார்க்கவில்லை. பேனையை எடுத்தாள்.

“என்ன செய்யிறாய்?” என்றேன்.

“வேறை வழி என்ன கிடக்கு பெரியப்பா? துடைக்கவும் கூடாதெண்டுறியள். உண்மையும் அனுப்பேலாது. இதெண்டாலும் போகட்டும்.”

பேனை முனை கடதாசிக்குக் கிட்ட வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தின் பெயரை அவள் எழுதப் போகும் இடம், ஒரு பொய்யின் அடியில் விடப்பட்டிருந்த வெற்றிடம். காணி உறுதிகளிலும் கோயில் கல்வெட்டிலும் இருக்கிற பெயர் அது. பொட்டழித்த பெட்டை என்று ஊர் சொல்லிவிடும் என்று பயந்த நான், பொய்க்குக் கையெழுத்து வைத்தவள் என்று அவள் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளப் போவதை அதுவரை யோசிக்கவில்லை.

நான் எழுந்தேன். தட்டிலிருந்து பளிங்கை எடுத்தேன். பன்னீர்ச் செம்பைச் சரித்து அதன் மேல் ஊற்றினேன். என் தோளில் கிடந்த பட்டுச் சால்வையால், சபை பார்த்திருக்க, அழுத்தித் துடைத்தேன். சிவப்பு வந்தது, பிறகு மஞ்சள், பிறகு சாம்பல். கடைசியில் கறுப்பு முகம் வெளியே வந்தது. அதில் என் மீசை தெரிந்தது.

“ஐயோ!” என்றது சபை.

“பஞ்சலிங்கத்தார்! என்ன விசர் வேலை பாத்தீர்?” என்றார் தலைவர்.

“பொட்டை அழிச்சிருக்கிறன். உரும்பிராய்ப் பஞ்சலிங்கம் அழிச்சவரெண்டு எழுதும் காணும், காரியதரிசி. முழுப் பேரையும் எழுதும். ‘மற்றும் பலர்’ எண்டு எழுதாதையும்.”

பளிங்கை மீனாம்பிகையின் உள்ளங்கையில் வைத்தேன். “போ பிள்ளை. கறண்ட் இருக்கேக்கை போய் அள.”

அவள் ஓடினாள். யசிந்தா அவளுக்கு முன்னால் ஓடினாள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சபையில் ஓடியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். தடுக்கவில்லை.

குழுவில் ஒருவர்கூட அவர்களைத் தடுக்கப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நடந்தது நிகழ்ச்சி நிரலில் இல்லாத காரியம். நிரலில் இல்லாததற்கு எப்படி எதிர்ப்புத் தெரிவிப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பொட்டை அழிக்க என்னிடம் வாக்குரிமை இருந்ததா என்று ஒருவர் கேட்டார். பன்னீர் நிலையத்தின் சொத்து என்று இன்னொருவர் எழுந்தார். சால்வை தனியார் சொத்து என்பதால் அதில் ஒட்டிக்கொண்ட குங்குமத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று கொள்வனவு உபகுழு அறிய விரும்பியது. இடதுபக்கத்தவர் சொன்னதை வலதுபக்கத்தவர் மறுத்தார்கள். நீக்கிலாப்பிள்ளை மட்டும் என் காதருகே குனிந்து, “நல்ல காரியம் அண்ணை. நான் செய்திருக்கவேண்டியது. பயந்து போனன்” என்றார்.

பக்கத்து அறையில் பேனை கீறும் சத்தம் கேட்டது. பிறகு யசிந்தா “இஞ்சை பார்! இஞ்சை பார்!” என்று கத்தினாள். நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். மீனாம்பிகை கடதாசியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒரு பெரிய மேடு. அதன் தோளோரம், கவனியாமல் விட்டால் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய அளவில், ஒரு குட்டி மேடு.

“இதுவோ?”

“இதுதான் பெரியப்பா.”

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான்” என்று சிரித்தாள். அப்போதுதான் அழுதாள்.

நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. காரியதரிசி வாசித்தார்: பொட்டை அழிக்க நிலையம் அனுமதி வழங்கவில்லை, அனுமதியின்றி நிலையத்துக்குள் எதுவும் நடப்பதில்லை, ஆகவே பொட்டு அழிக்கப்படவில்லை எனக் கொள்ளப்படும். ஏகமனதாக நிறைவேறியது. பொட்டு இருப்பதாகக் கொள்ளப்பட்டதால் அருளம்பலைற்றும் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அதற்குரிய கல் தேவையில்லை என்பதால் மீனாம்பிகை தன் பளிங்கைக் கொண்டு போகலாம் என்றார்கள். நிலையத்தின் முத்திரை கிடைக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை உப தலைவர் என்ற முறையில் தம் கையால் சான்றொப்பம் வைத்தார். இங்கிலாந்துக்காரருக்கு அது போதுமாக இருந்தது. அலுமாரியில் இப்பொழுது பட்டுத் துணி விரித்த வெறும் தட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பழைய கடைக் குங்குமத்தில் பொட்டு வைக்கிறார்கள். பூரணம் அம்மையார் வைப்பதில்லை, காரியதரிசி வைக்கிறார்.

மீனாம்பிகை புரட்டாதியில் விமானமேறினாள். அந்தக் குட்டி மேட்டின் உயரம் சரியாக இருக்கிறதென்று அங்கே அவளுடைய பேராசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறாள்.

பளிங்கின் பொட்டை அழித்த கிழமையே உரும்பிராய்ப் பஞ்சலிங்கம் செத்துப்போனார் என்றும், அந்தத் துக்கம் தாங்காமல்தான் பெட்டை நாட்டை விட்டுப் போனாள் என்றும் கொடிகாமம் சந்தையில் கதைக்கிறார்கள். சென்ற கிழமை தேங்காய் வியாபாரி ஒருவர் என் மனைவி பராசக்தியிடம் துக்கம் விசாரிக்க வந்து, வாசற் படலையைத் திறந்த என்னிடமே விசாரித்துவிட்டுப் போனார். அந்தக் கதை பிழை. அவள் போனது படிப்பதற்கு. நான் சாகவில்லை.